கம்பெனி இன்சூரன்ஸில் ‘பார்ட்னர்’ என்று சேர்க்கலாமாம். சேர்த்தால் யாருக்கெல்லாம் தெரியும்?

ஓவர்லாக் சத்தம் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். வயது 34. ஏழரை வருடமாக (சனி இல்லை, நல்ல ஏழரைதான்) ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்கிறேன். அவளுக்கு மேடவாக்கத்தில் சின்னதாக ஒரு தையல் கடை. 2 மெஷின், ஒரு ஓவர்லாக், உதவிக்கு ஒரு பெண். ஆடியில் ஈ ஓட்டுவாள், ஆவணி முகூர்த்தம் வந்தால் ராத்திரி 2 மணிக்கு உட்கார்ந்து பிளவுஸுக்குக் கொக்கி வைப்பாள். சொந்தக் கடை என்பதால் பிஎஃப், இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. வீட்டு ஓனர் அம்மாவைப் பொறுத்தவரை நாங்கள் சித்தி மகள், பெரியம்மா மகள். நாங்களாக அப்படிச் சொன்னதில்லை. அவராகவே முடிவு செய்துகொண்டார், நாங்களும் திருத்தவில்லை.

மார்ச்சில் ஒரு ராத்திரி அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, முதுகு வரை போனது. கேஸ்தான் என்று ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். 1 மணிக்கு வாந்தி. ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்மிஷன் ஃபாரத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். ஃபிரண்ட் என்றேன். கவுண்டரில் இருந்த பையன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, “ஃபிரண்டுன்னா சைன் வாங்க மாட்டாங்க மேடம், அக்கான்னு போட்டுக்கட்டுமா?” என்றான். அவனே போட்டான். நல்ல பையன்தான். ஆனால் டியூட்டி டாக்டர் என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, ஆபரேஷன் ஏதாவது தேவைப்பட்டால் ரத்த சொந்தம் யாராவது வரட்டும் என்றார். சிவகாசியிலிருந்து அவள் அண்ணன் வந்து சேரும்போது காலை 10 மணி. அதற்குள் ஊசியில் வலி அடங்கிவிட்டது. ஸ்கேனில் பித்தப்பைக் கல். இரண்டு மூன்று மாதத்துக்குள் பித்தப்பையை எடுத்துவிடுங்கள் என்றார்கள். துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன், எஸ்டிமேட் 1,30,000 ரூபாய். அண்ணன் அந்தத் தாளைப் படித்துப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போனபின் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் குரூப் மெடிக்ளெய்ம் புதுப்பிக்கும் நேரம் இது. எச்ஆர் போர்ட்டலில் குடும்பத்தைச் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தால், உறவு என்ற இடத்தில் ஸ்பௌஸ், மகன், மகள், அப்பா, அம்மா என்று இதுவரை இருந்த பட்டியலில் ஸ்பௌஸுக்குக் கீழே புதிதாக ‘பார்ட்னர்’ என்று ஒரு வரி. அது மெயிலிலும் வந்தது, வானவில் படம் போட்டு. படத்துக்குக் கீழே கேட்க நினைத்த எதற்கும் பதில் இல்லை.

எனக்கு வேண்டியது மூன்று விஷயம். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் யார் யார் பார்ப்பார்கள்? என் மேனேஜருக்குப் போகுமா? ஏற்கனவே ஸ்கேனில் கல் தெரிந்துவிட்டதே, அதற்குப் பணம் கிடைக்குமா? அப்புறம், என்ன அத்தாட்சி கேட்பார்கள்? வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பேசாமல் ஸ்பௌஸ் என்று போட்டு ஒரு தேதியைத் தட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. பெயர் சேர்க்கும் ஜன்னல் இன்னும் 11 நாளில் மூடிவிடும்.

கிண்டி புரோக்கர் பதில்:

நான் குரூப் இன்சூரன்ஸ் புரோக்கிங்கில் 11 வருடமாக இருப்பவன். கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில்: ஸ்பௌஸ் என்று போடாதீர்கள். திருமண தேதி என்று ஒரு தேதியைத் தட்டினால் இன்றைக்கு எதுவும் ஆகாது. க்ளெய்ம் வரும் அன்றைக்கு டிபிஏ-காரர் (இன்சூரருக்காக க்ளெய்மைப் பார்க்கும் இடைநிறுவனம்) திருமணச் சான்றிதழ் கேட்பார். பொய்த் தகவல் என்று ஒரு வரி எழுதி நிராகரித்துவிடலாம், அதோடு உங்கள் வேலைக்கும் வம்பு. பார்ட்னர் என்ற வரி இல்லாத கம்பெனியில் இருந்தால் உங்கள் ஆசை புரியும். உங்களுக்குத்தான் இருக்கிறதே.

குரூப் பாலிசி என்பது கம்பெனியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். குடும்பம் என்றால் யார் என்று அந்தத் தாளில் எழுதியிருப்பதுதான் குடும்பம். நாங்கள் 1+3, 1+5 என்போம். ஊழியர், துணை, 2 பிள்ளைகள், பெற்றோர். அந்த இடத்தில் பார்ட்னர் என்று ஒரு சொல்லைச் சேர்க்க எந்தச் சட்டமும் மாறத் தேவையில்லை. “இன்சூரர் ஒத்துக்கொள்ள மாட்டார்” என்று பல வருடம் எச்ஆர்காரர்கள் சொல்லி வந்தார்கள். அந்த மீட்டிங்குகளில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், யாரும் இன்சூரரைக் கேட்டதே இல்லை. 2018 செப்டம்பர் 6-ல் தன்பாலின உறவு குற்றமல்ல என்ற 377 தீர்ப்பு வந்தபிறகுதான் கேட்கத் தொடங்கினார்கள். டாடா ஸ்டீல் 2019 டிசம்பரில் ஊழியர்களின் தன்பாலினத் துணைவர்களுக்கும் சலுகைகள் உண்டு என்று அறிவித்தது. ஆக்ஸிஸ் வங்கி 2021 செப்டம்பரில், பாலினமோ திருமணமோ எப்படியிருந்தாலும் மெடிக்ளெய்மில் துணையைச் சேர்க்கலாம் என்றது. அதன்பிறகு கொட்டேஷன் கேட்டு வரும் தாள்களில் இந்த வரி சாதாரணமாகவே வருகிறது. பிரீமியம் ஏறிவிடும் என்று பயமுறுத்துவார்கள். நான் பார்த்த கம்பெனிகளில் சேர்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் என்றால் உங்களுக்கு இருக்கும் அதே பயம்தான்.

கல் விஷயம். இங்கேதான் குரூப் பாலிசியின் அருமை. நீங்கள் வெளியே போய் அவர் பெயரில் தனியாக ஒரு பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் இல்லை. பித்தப்பைக் கல், ஹெர்னியா, கண்புரை மாதிரியான சிலவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருடம் காத்திருக்க வேண்டும். முன்பே இருந்த நோய் என்றால் 3 வருடம் வரை. ஸ்கேன் எடுத்தாயிற்று, மறைக்கவும் கூடாது. குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு எல்லாவற்றையும் தள்ளுபடி செய்து வாங்கியிருப்பார்கள். முதல் நாளே ஆபரேஷன் செய்யலாம். ஆனால் பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். எச்ஆரிடம் பாலிசி நகலைக் கேளுங்கள். மெயிலில் வந்த வானவில் படம் போதாது. பார்ட்னருக்கான என்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் திருத்தத் தாள்) எங்கே இருக்கிறது, காத்திருப்புத் தள்ளுபடி பார்ட்னருக்கும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள். தேதியும் முக்கியம். புதுப்பிக்கும்போது விட்டுவிட்டால் நடுவில் சேர்க்கக் கல்யாணமோ குழந்தையோ வேண்டும். பார்ட்னருக்கு அப்படி ஒரு நடுவழி பெரும்பாலான பாலிசிகளில் இல்லை.

யார் பார்ப்பார்கள்? எச்ஆரில் பெனிஃபிட்ஸ் பார்ப்பவர், புரோக்கர் (நாங்கள்), இன்சூரர், டிபிஏ. மேனேஜருக்கு அந்தப் பக்கத்தில் வேலை இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது எல்லாம் கடைசியில் ஒரு எக்ஸெல் ஷீட்டாகத்தான் மெயிலில் போகும். ஊழியர் எண், பெயர், உறவு, பிறந்த தேதி, பாலினம், தொகை. ஆரம்பக் காலத்தில் ஊழியரும் பெண், துணையும் பெண் என்றால் சிஸ்டம் பிழை என்று திருப்பி அனுப்பும். ஒரு அலுவலகத்தில் டேட்டா பார்த்த பெண் நல்லெண்ணத்தில் ஒரு பெண்ணை ஆணாக மாற்றி ஏற்றிவிட்டாள். கார்டு ‘மிஸ்டர்’ என்று வந்தது. அதைத் திருத்த 3 வாரம். கார்டு வந்ததும் பெயர், பாலினம், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரம்பூர் பிரியன் பதில்:

அக்கா, நானும் என்னவனும் 3 வருடத்துக்கு முன் இதைச் செய்தோம். எங்கள் கம்பெனியில் கேட்டது ஒரு உறுதிமொழிப் பத்திரம், ஒரே முகவரிக்கு ஏதாவது 2 அத்தாட்சி. பத்திரத்தில் ‘எந்தத் தேதியிலிருந்து சேர்ந்து வாழ்கிறீர்கள்’ என்று ஒரு கோடு. அதை நிரப்ப எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. முதலில் சந்தித்த நாளா, அவன் பெட்டியோடு வந்த நாளா, வந்து கோபித்துக்கொண்டு திரும்பிப்போய் மறுபடி வந்த நாளா? கடைசியில் இந்த வீட்டில் பால் காய்ச்சிய தேதியைப் போட்டோம். யாரும் கேள்வி கேட்கவில்லை.

வாடகை ஒப்பந்தம் ஒத்துவராவிட்டால் ஜாயின்ட் அக்கவுண்ட் திறந்துவிடுங்கள். பாஸ்புக்கில் இரண்டு பெயரும் ஒரே முகவரியும் வந்துவிடும். நம் மாதிரி ஆட்கள் கூட்டுக் கணக்கு திறக்கவோ துணையை நாமினியாகப் போடவோ தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28-ல் நிதி அமைச்சகமே அறிவிப்பு கொடுத்திருக்கிறது. எங்கள் கிளையில் அந்த அறிவிப்பை போனில் எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, “இதுக்கு ஏன் தம்பி இவ்ளோ பெரிய நோட்டீஸ், யார் வேணா ஜாயின்ட் தொறக்கலாமே” என்றார்.

நீங்கள் கேட்காத ஒன்று. எச்ஆர் ரெகார்டில் உங்கள் நிரந்தர முகவரி என்ன என்று பாருங்கள். இப்போது எல்லாம் இ-கார்டுதான், ஆனால் எங்களுக்கு அட்டையை அச்சடித்துக் கூரியரில் அனுப்பினார்கள். நேராக அறந்தாங்கிக்கு. அப்பா பிரித்துவிட்டார். “உன் பேருக்கு ஒண்ணு வந்திருக்கு, அந்தப் பையன் பேருக்கு ஒண்ணு வந்திருக்கு, உறவுன்னு ஏதோ போட்டிருக்கு” என்று போன். கம்பெனி தப்பு அப்பா என்றேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. 4 நாள் கழித்து இரண்டு அட்டையும் ஒரு கவரில் வந்தன. கூடவே நார்த்தங்காய் ஊறுகாய். இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உங்களுக்கும் ஊறுகாய்தான் வரும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. முகவரியை மாற்றிவிடுங்கள்.

பீளமேடு பிளக்பாயின்ட் பதில்:

என் வயிற்றெரிச்சலையும் இங்கே கொட்டிவிடுகிறேன். நான் ஆண், என் துணை பெண். 5 வருடமாக ஒன்றாக இருக்கிறோம். அவருடைய விவாகரத்து வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் 4 வருடமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் கம்பெனியும் பார்ட்னர் என்று ஒரு வரி போட்டது. சந்தோஷமாகப் போய்க் கேட்டால், அது ஒரே பாலினத்தவருக்கு மட்டுமாம். “நீங்கதான் கல்யாணம் பண்ணிக்கலாமே சார்” என்கிறார் எச்ஆர். எப்படிப் பண்ணுவது? விவாகரத்து ஆவதற்குள் பண்ணினால் அவர்மேல் கேஸ் வரும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-லேயே திருமணம் போன்ற உறவு என்று எங்களை மாதிரி ஆட்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அடி வாங்கினால் உறவு, காய்ச்சல் வந்தால் உறவில்லையா?

பெரம்பூர் பிரியன் பதில்:

பீளமேடு அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த வரியை எங்களுக்கு மட்டும் போட்டதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. உங்களுக்கு வாய்தா முடிந்தால் வழி திறக்கும், எங்களுக்கு வழக்கே இல்லை, அதனால் வாய்தாவும் இல்லை.

கிண்டி புரோக்கர் பதில்:

இரண்டு பேரும் ஒரு வரிக்காகச் சண்டை போட வேண்டாம். ‘மணமாகாத துணை’ என்று பாலினம் குறிப்பிடாமல் எழுதினால் இரண்டும் அடங்கும், ஆக்ஸிஸ் அப்படித்தான் எழுதியது. ஆண் பெண் ஜோடிகளைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், பிரசவச் செலவு வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் பல கம்பெனிகள் குறுக்கிவிடுகின்றன. அதைக் கொள்கை மாதிரி பேசுவார்கள். பீளமேட்டுக்காரர் அடுத்த புதுப்பிப்புக்கு 3 மாதம் முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள். கொட்டேஷன் போனபின் கேட்டால் யார் காதிலும் விழாது.

பனியன் செக்கிங் பதில்:

இதெல்லாம் ஓஎம்ஆர் கதை. திருப்பூருக்கு வாங்க. எங்களுக்கு இஎஸ்ஐ, அரசின் தொழிலாளர் காப்பீடு. சம்பள வரம்பை 2017-ல் 21,000 ஆக்கினார்கள், அதற்குள் இருப்பவர்களுக்கு. அதில் குடும்பம் யார் யார் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கணவன், மனைவி, பிள்ளை, சார்ந்திருக்கும் பெற்றோர், இப்படி. கம்பெனி முதலாளி மனசு வைத்தால்கூட ஒரு சொல் சேர்க்க முடியாது. எங்கள் யூனிட்டில் இரண்டு பெண்கள் ஒரே லைன் வீட்டில் 10 வருடமாக இருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். இரண்டு பேரும் வேலைக்கு வருவதால் ஆளுக்கொரு கார்டு. பெரியவள் முட்டி வலியில் இந்த வருடம் நின்றுவிட்டாள். அதோடு கார்டும் போச்சு.

ஓவர்லாக் சத்தம் பதில்:

பனியன் செக்கிங், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கேயும் அதுதான். என் வேலை போனால் அவள் கார்டும் போய்விடும் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. கிண்டி புரோக்கர் சார், ஆபரேஷன் முடிந்தபின் அவள் பெயரில் தனியாக ஒரு பாலிசியும் எடுத்துவிடலாமா? வரி விஷயம் என்ன?

கிண்டி புரோக்கர் பதில்:

கட்டாயம் எடுங்கள். கம்பெனி பாலிசி ஓடும்போதே தனிப் பாலிசியின் காத்திருப்புக் காலமும் ஓடிக்கொண்டிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, அந்த 18 சதவீதம் மிச்சம். அவர் பெயரில் அவரே எடுக்கட்டும். பழைய வரி முறையில் 80டி என்று சொல்லிப் பழகிய, பிரீமியத்துக்கான வரிக் கழிவு தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு மட்டும்தான். நீங்கள் அவருக்காகக் கட்டினால் உங்களுக்குக் கழிவு வராது. அவருக்கே வருமானம் இருந்து அவரே கட்டினால் அவருக்கு வரும். அப்புறம், பார்ட்னருக்காகக் கம்பெனி கட்டும் பிரீமியத்தை உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடிக்கிறார்களா என்று பேரோலில் கேட்டுக்கொள்ளுங்கள். வரிச் சட்டத்தின் குடும்பத்தில் பார்ட்னர் இல்லை என்பதால் சில இடங்களில் பிடிக்கிறார்கள்.

எடிசன் சாம்பார் பதில்:

நியூ ஜெர்ஸியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இங்கேயும் இந்த வரி விவகாரம் பழைய கதை. கம்பெனி உங்கள் துணைக்குக் கட்டும் பணத்தை உங்கள் வருமானம் என்று கணக்கெழுதி வரி பிடிப்பார்கள். மணமானவர்களுக்கு அது இல்லை. 1982-லேயே நியூயார்க்கில் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை ஊழியர்கள் தொழிற்சங்கம் பேசி வாங்கிய சலுகை இது. அப்புறம் ஊர் ஊராகப் பரவியது. 2015 ஜூன் 26-ல் எல்லோரும் திருமணம் செய்துகொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் என்ன ஆயிற்று தெரியுமா? “இனி பார்ட்னர் சலுகை எதற்கு, கல்யாணம் செய்துகொண்டு வாருங்கள்” என்று பல கம்பெனிகள் அந்த வரியை எடுத்துவிட்டன. என் டீமில் இருந்த ஒரு ஜோடி, 20 வருடமாகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர்கள், பல் வைத்தியத்துக்காகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கேக் நன்றாக இருந்தது.

வாய்தா பதில்:

மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஜூனியராக இருக்கிறேன். தோழர் ஓவர்லாக் சொன்ன அந்த ராத்திரி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கார்டு அதைத் தீர்க்காது. கார்டு பில்லுக்குத்தான். கையெழுத்து வேறு.

உங்கள் துணை சுயநினைவோடு இருக்கும் வயது வந்த பெண். ஆபரேஷனுக்குச் சம்மதம் அவருடையது, வேறு யாருடையதும் அல்ல. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதில் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றார்கள், ஏனென்றால் அவர் விழித்ததும் கேட்டிருக்கலாம், உயிருக்கு அவசரம் எதுவும் இல்லை. ரத்த சொந்தம் வரட்டும் என்பது ஆஸ்பத்திரிகளின் வழக்கம். பின்னால் தகராறு வந்தால் பேச ஒரு ஆள் வேண்டும் என்ற பயம்தான் அதற்குக் காரணம். அடுத்த முறை அட்மிஷன் போதே, “சம்மதம் நான் கொடுக்கிறேன், தகவல் சொல்ல வேண்டிய ஆள் இவர்” என்று அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவரே பேச முடியாத நிலைமைக்கு முன்கூட்டியே எழுதும் மருத்துவ உயில் இருக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, அப்போது மாஜிஸ்திரேட் வரை அலைய வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் எளிதாக்கி, 2 சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்றார்கள். சிகிச்சையை நிறுத்துவது பற்றிய கடைசிக் கட்டத்துக்குத்தான் அது, ஆனால் உங்களுக்காக முடிவெடுப்பவர் யார் என்று அதில் பெயர் எழுதலாம். மனநல மருத்துவத்தில் 2017 சட்டப்படி யாரை வேண்டுமானாலும் பிரதிநிதியாக நியமிக்கலாம், உறவு தேவையில்லை. இறந்தபின் உடலைப் பெற உறவினர் இல்லாதபோது துணைவரிடம் கொடுக்க வழி செய்யுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024-ல் மாநிலங்களுக்கு எழுதியது. பாருங்கள், உயிரோடு இருக்கும்போதைய கையெழுத்துக்கு முன்னால் பிணத்துக்கு வழி பிறந்துவிட்டது.

ஒரே பாலினத்தவருக்குத் திருமண உரிமை இல்லை என்று 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பில், திருநங்கையும் ஆணும் செய்துகொள்ளும் திருமணம் இப்போதுள்ள சட்டப்படியே செல்லும் என்றும் இருக்கிறது. நம் மதுரைக் கிளை தூத்துக்குடி வழக்கில் 2019-லேயே சொன்னதுதான். அப்படிப்பட்ட ஜோடிகள் பார்ட்னர் வரிக்குப் போக வேண்டாம், பதிவு செய்து ஸ்பௌஸ் என்றே போடலாம். 2025 மே மாதம் நம் ஹைகோர்ட் அமர்வு ஒன்று, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று எழுதியது. வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை அவள் வீட்டார் பிடித்து வைத்திருந்த ஆட்கொணர்வு வழக்கு அது. அதைக் காட்டி எச்ஆரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் “குடும்பம் என்றால் என்ன” என்று யாராவது இழுத்தால் மேஜைமேல் வைக்கலாம்.

ஓவர்லாக் சத்தம் எழுதியது (7 வாரம் கழித்து):

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவளிடம் கேட்டேன். அதைச் செய்யாமலேயே இங்கே வந்து ஊரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அவள் ஒரு ஜாக்கெட்டுக்குப் பட்டி அடித்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவே இல்லை. “உன் ஆபீஸ் எக்ஸெல்ல என் பேரு இருந்தா என்ன? என் கடை பில்புக்குல உன் போன் நம்பர்தானே அச்சடிச்சிருக்கு” என்றாள்.

எச்ஆரில் பெனிஃபிட்ஸ் பார்ப்பவர் ஒரு சின்னப் பெண். பாலிசி நகல் கேட்டதும் பதறினாள், அதுவரை யாரும் கேட்டதில்லையாம். 2 நாளில் அனுப்பினாள். என்டார்ஸ்மென்ட் 4-ல் இருந்தது. காத்திருப்புத் தள்ளுபடி ‘காப்பீடு பெறும் அனைவருக்கும்’ என்று இருந்தது. நிரந்தர முகவரியை மாற்றினேன். பிரியனுக்கு நன்றி, அதுவரை அங்கே திருநெல்வேலி வீடுதான் இருந்தது.

உறுதிமொழிப் பத்திரத்துக்கு நோட்டரியிடம் போனோம். தாளில் பார்ட்னர் என்று பார்த்ததும் அவர், “என்ன பிசினஸ்மா? பார்ட்னர்ஷிப் டீடுன்னா வேற ஃபார்மேட்” என்றார். தையல் கடை என்றாள் இவள், யோசிக்காமல். நான்தான் திருத்தினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். “தேதி எழுதலையே” என்றார். பால் காய்ச்சிய தேதியைச் சொன்னோம். 2018 ஆகஸ்ட் 24. மறக்க வழியில்லை, அன்றைக்கு வரலட்சுமி விரதம், ஓனர் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் தாம்பூலம் கொடுத்தார். 13 நாள் கழித்து 377 தீர்ப்பு வந்தது. டிவி வாங்கியிருக்கவில்லை, போனில் பார்த்தோம். இதையெல்லாம் நோட்டரியிடம் சொல்லவில்லை. சீல் குத்தினார், அவ்வளவுதான்.

முகவரி அத்தாட்சிக்கு ஜாயின்ட் அக்கவுண்ட் நாள் ஆகும் போலிருந்ததால் வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரையும் சேர்க்க ஓனர் அம்மாவிடம் போனேன். இன்சூரன்ஸுக்கு என்று மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

ஆபரேஷன் போன வாரம் முடிந்தது. வேறு ஆஸ்பத்திரி. வாய்தா சொன்ன மாதிரி அவளே எழுதிக் கொடுத்தாள். உறவு என்ற கட்டத்தில் பார்ட்னர் என்று நான் எழுதினேன், இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்த பெண் கார்டையும் தாளையும் பார்த்துத் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். முன் அனுமதி 5 மணி நேரத்தில் வந்தது. மொத்த பில் 1,36,400. கையுறை, மாஸ்க் இத்தியாதி என்று 8,900 நாங்கள் கட்டினோம், மீதி கேஷ்லெஸ். டிஸ்சார்ஜ் அன்று கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகை விடக் கொஞ்சம் பெரிது, 3 இருக்கிறது. அவள் அதைக் கடையில் பட்டன் டப்பாக்களோடு வைத்திருக்கிறாள். தூக்கிப்போடு என்றால் கேட்பதில்லை.

தனிப் பாலிசிக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று, அவள் பெயரில், அவள் பணத்தில்.

நேற்று ஓனர் அம்மா தூக்கில் கஞ்சி கொண்டுவந்தார். அவளைப் பார்த்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார், “ஏம்மா, சித்தி பொண்ணுக்கெல்லாமா உங்க கம்பெனியில இன்சூரன்ஸ் குடுக்கறாங்க?”

“குடுக்கறாங்கம்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “நல்ல கம்பெனி. தூக்கைக் கழுவி நாளைக்குக் குடு போதும்” என்று இறங்கிப் போனார்.